முத்துப் போட்ட மாங்கன்று

கரட்டுப்பட்டியில் ஒரு மாங்கன்றுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி, பங்குனி வெயிலில் என்னை ஒன்பது மைல் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். வருஷம் 1938. எனக்கு இருபத்து நாலு வயது. நாமக்கல்லில் விவசாய டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உத்தியோகத்தின் பெயர் வாய் நிறைய இருக்கும். வேலை என்னவென்றால், ஊர் ஊராகப் போய், யோசனை கேட்காதவர்களுக்கு யோசனை சொல்லி, அவர்கள் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுத் திரும்புவது.

கடுதாசி போட்டு வரவழைத்தவர் அந்த ஊர் மணியக்காரர் கண்ணுசாமி. மாங்கன்று இருந்தால் என்ன, போனால் என்ன அவருக்கு! தன் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற ஆள் பன்னிரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை என்பதுதான் அவருடைய வயிற்றெரிச்சல்.

“தீர்த்தகிரின்னு ஒரு ஆளுங்க. மாங்கன்னுக்கு ஆத்தா வந்திருக்குதுன்னு ஊட்டை உட்டு அசைய மாட்டேங்கறான். ஊரே சிரிக்குது. அங்க என் மொளகாத் தோட்டம் காயுது. நீங்க படிச்சவங்க, நாலு வார்த்தை சொல்லி அவனைக் கெணத்துக்கு அனுப்பி உடுங்க” என்றார்.

வீடு ஊருக்குள் இல்லை. கரட்டின் அடியில், கிளுவை வேலிக்கு நடுவே ஒற்றைக் குடிசை. வாசலில் இருந்த முள்படலில் வேப்பிலைக் கொத்துகள் கட்டியிருந்தன. அம்மை கண்ட வீட்டுக்குக் கட்டுவது போலவேதான். யாரும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். அந்த வீட்டுக்கு மனுஷர் யாரும் போய் மூன்று நாலு வருஷமாகிறது என்று மணியக்காரரே வழியில் சொல்லியிருந்தார். வராத ஆட்களை வேப்பிலை கட்டி மறித்து வைத்திருந்தார் அந்த மனுஷர்.

நான் படலைத் தொட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. “வராதீங்க சாமி! ஆத்தா இருக்குது. அக்கட்டால நில்லுங்க.”

நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். சவரம் செய்யாத தாடி. தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்த ஒரு ஒட்டு மாங்கன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கன்றுக்கு வெயில் படாமல் நாலு குச்சி நட்டுப் பழைய வேட்டியைக் கூரையாகக் கட்டியிருந்தார். பக்கத்தில் மண்சட்டியில் மஞ்சள் கரைத்த தண்ணீர். அதில் வேப்பிலையை முக்கி இலை இலையாகத் தெளித்துக்கொண்டிருந்தார். வீட்டில் தாளிப்பு இல்லை, மிளகாய் இல்லை, கம்பங்கூழும் உப்பும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெற்ற பிள்ளைக்கு அம்மை கண்டால்கூட நம் ஆண்பிள்ளைகள் இவ்வளவு செய்து நான் பார்த்ததில்லை.

வேலிக்கு வெளியே நின்றே, காற்றில் வேலியோரம் வந்து விழுந்திருந்த ஒரு இலையை எடுத்துப் பார்த்துவிட்டேன். அவர் பயந்ததில் தப்பே இல்லை. துளிர் இலை முழுக்கக் கடுகளவும் மிளகளவுமாகக் கொப்புளங்கள். தடவினால் கையில் நெருடும். அம்மை முத்து என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் அது ஒரு ஈ செய்கிற வேலை. கொசுவைவிடச் சின்ன ஈ. பிஞ்சு இலைக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகும். உள்ளே புழு வளர வளர இலை அந்த இடத்தில் தடித்துப் புடைக்கும். பெரிய மரத்துக்கு இது தும்மல் மாதிரி. மூன்று வயதுக் கன்றுக்கு அப்படியில்லை. வருகிற துளிரெல்லாம் இப்படிப் போனால் கன்று சோறில்லாமல் காய்ந்து சாகும்.

நான் படித்ததையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்திச் சொன்னேன். கொப்புள இலைகளைக் கிள்ளி எரித்துவிட வேண்டும், அடிமண்ணைக் கொத்திவிட வேண்டும், அடுத்த துளிர் வரும்போது புகையிலையை ஊறவைத்து வடிகட்டி, பார் சோப்புக் கரைத்துத் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு மத்தியான வேலை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஆத்தா மேல கை வெக்கச் சொல்றீங்க, நெருப்பு வெக்கச் சொல்றீங்க. நீங்க சின்னப் பையன், தெரியாமப் பேசறீங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேனுங்க. போயிட்டு வாங்க சாமி.”

சின்னப் பையன்! கோயம்புத்தூரில் மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு ரத்தம் கொதித்தது. கன்றும் சாகட்டும், மிளகாயும் காயட்டும் என்று சைக்கிளைத் திருப்பினேன்.

பாதி வழியில், வாய்க்கால் மேட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னை நிறுத்தினார். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. பேர் சின்னாயி. தீர்த்தகிரியின் குடிசைக்குப் போகிற பாதையில் கடைசி வீடு அவருடையது.

“நீங்களும் சிரிச்சுட்டு வாரீங்களா சாமி?” என்றார்.

“சிரிக்கலைங்க. கோபமா வாரேன்” என்றேன்.

“கோவப்படாதீங்க. அது கன்னுக்காகச் செய்யறது இல்லீங்க. அத்தாயிக்குச் செய்யறது.”

அறுத்த புல்லின் மேலேயே உட்கார்ந்து அவர் சொன்னது இது. அத்தாயி தீர்த்தகிரியின் மனைவி. பிள்ளை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தேதான் கூலிக்குப் போவார்கள், சேர்ந்தேதான் வருவார்கள்; புருஷன் பெண்டாட்டி இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதை ஊர் அப்போதும் கேலி செய்திருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் அத்தாயிக்குப் பெரியம்மை போட்டது. மூன்றாம் நாள் முகம் அடையாளம் தெரியாமல் போனது. அதைப் பார்த்துவிட்டுத் தீர்த்தகிரி பயந்து, மணியக்காரரின் மாட்டுக்கொட்டாய்க்கு ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டார். திரும்பி வரவில்லை.

“எனக்கு மின்னாடியே வந்து போனதுனால நான் போய்ப் பார்த்துக்கிட்டேனுங்க. மறுக்கா வராதில்லீங்களா. ஆனா நானும் கூலிக்குப் போவோணுமே. ஒம்பதாம் நாள் மத்தியானம் களை வெட்டிட்டு வந்து பார்த்தேன், உசுரு இல்லை. தண்ணிச் சொம்பு உருண்டு கெடந்துச்சு. தாகத்துக்குக் கை நீட்டியிருப்பாளாட்ட இருக்குது.”

அம்மையில் போனவர்களை அந்தப் பக்கத்தில் எரிப்பதில்லை. ஆத்தா தொட்ட உடம்புக்கு நெருப்பு ஆகாது என்று மண்ணில் வைப்பார்கள். அத்தாயியை அப்படிப் புதைக்கும்போது தீர்த்தகிரி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாராம். பக்கத்தில் வரவில்லை. பிறகு ஒரு நாள் காணாமல் போய்விட்டார். சேலத்துக்குப் பக்கத்தில் ஏதோ மாந்தோப்பில் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றுகிற வேலை செய்து, ஒரு வருஷம் கழித்துத் தலையில் இந்த ஒட்டுக்கன்றைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் நடந்து வந்து சேர்ந்தார். எதற்கு இது என்று சின்னாயி கேட்டதற்கு, “ஊட்டுல ஒரு உசுரு வேணுமில்ல” என்றாராம். அதற்குப் பிறகு ஊரில் யாரிடமும் அவர் பேசியது கம்மி. ஊர் அவரை ஒதுக்கவில்லை. அவரே ஒதுங்கிக்கொண்டார். ஊருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

“இந்தத் தடவை ஓடமாட்டேன்னு உக்காந்திருக்குதுங்க அந்த மனுசன். கன்னு போயிருச்சுன்னா அதுவும் போயிரும். நீங்க ஏதாச்சும் பண்ணுங்க சாமி” என்று சொல்லிவிட்டுச் சின்னாயி புல்கட்டைத் தூக்கிக்கொண்டார்.

நாமக்கல்லில் எனக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஒற்றை அறை. ஓட்டல் சாப்பாடு. எங்கள் ஆட்கள் எல்லாம் சேலத்தில், மாதா கோயிலைச் சுற்றி ஒரே தெருவில் இருப்பவர்கள்; ஆரோக்கியசாமி என்று முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட நாமக்கல்லில் ஒரு ஜீவன் கிடையாது. அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பேச ஆளில்லாமல் ஒரு மாங்கன்றோடு உட்கார்ந்திருக்கிறவரை ஊரோடு சேர்ந்து நானும் பைத்தியம் என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்து நானாகவே போனேன். படலில் வேப்பிலை இல்லை. தீர்த்தகிரி சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

“வாங்க சாமி, உள்ள வாங்க. இன்னைக்கு மூணாந் தண்ணி ஊத்தியாச்சு!”

அம்மை இறங்கினால் நாள் பார்த்து மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாவது தண்ணீரோடு வீடு சுத்தம். உறவு சனமெல்லாம் வந்து கூழ் குடித்துவிட்டுப் போவது வழக்கம். கன்றின் அடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஈரம் இருந்தது. திண்ணையில் பெரிய பானை நிறையக் கூழ். அதன் மேல் மூடியிருந்த தட்டைத் திறந்ததற்கு அடையாளமே இல்லை.

“ஊருக்குச் சொல்லி உட்டேனுங்க. அவங்கவங்க சோலியில இருப்பாங்க” என்றார். இருபது பேர் குடிக்கிற கூழ் அது.

நான் மூன்று சொம்பு குடித்தேன். வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. நாலாவதும் ஊற்றினார், குடித்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் இலைகளில் கொப்புளம் அப்படியேதான் இருந்தது. அவரும் அதைக் கவனித்துத்தான் இருந்தார். “முத்து எறங்க மாட்டேங்குதுங்களே சாமி” என்று மெதுவாகச் சொன்னார்.

இங்கேதான் நான் புத்திசாலித்தனம் செய்தேன். ஈ, புழு என்று பேசினால் இந்த மனுஷர் கேட்கப்போவதில்லை. அவர் வழியிலேயே போய் மடக்குவோம் என்று நினைத்தேன். “ஆத்தா இறங்கியாச்சுங்க. இப்போ இருக்கறது வெறும் பொருக்கு. மனுஷ உடம்புன்னா பொருக்கு தானா உதிரும். மரத்துக்கு நாமதான் எடுக்கணும். இலையோட கிள்ளி எரிச்சுடுங்க” என்றேன்.

அவர் ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். “பொருக்குன்னா எடுத்தரலாமுங்க. எடுத்தரேன்” என்றார்.

எடுத்துவிடுகிறேன் என்றுதான் சொன்னார். எரித்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. மாரியம்மனைப் பற்றிப் பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துச் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். மறுநாள் தீர்த்தகிரி வேலைக்கு வந்துவிட்டதாக மணியக்காரர் சொல்லியனுப்பினார், கூடவே ஒரு படி மிளகாயும். அந்த மிளகாயைப் பார்க்கப் பார்க்க என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது. வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போயின. நான் கன்றை மறந்துவிட்டேன்.

புரட்டாசியில் சந்தைக்கு வந்த சின்னாயி என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். “மறுபடியும் வந்திருச்சுங்க. மழை பேஞ்சு பெருந்துளிரா உட்டுச்சு. அத்தனையும் முத்து. அந்த மனுசன் சோறு தின்னு நாலு நாளாச்சு” என்றார். நான் பூதக்கண்ணாடியையும் ஒரு கட்டுப் புகையிலையையும் பார் சோப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படலைத் தள்ளிக்கொண்டு நேரே கன்றிடம் போனேன். பழைய கிளைகள் பாதி மொட்டையாக நின்றன. நுனியில் மட்டும் புதுத் துளிர், அதில் ஊசி குத்த இடமில்லாமல் கொப்புளம். அடுத்த துளிரும் இப்படிப் போனால் கன்று இல்லை. இந்த முறை வேட்டிக்கூரை இல்லை, மஞ்சள் தண்ணீர் இல்லை. தீர்த்தகிரி கன்றுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“சாமி, ஒண்ணு கேக்கறேன். ஒரு ஒடம்புக்கு ஆத்தா ரெண்டு தடவை வருமுங்களா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார்.

“வராதுங்க. சின்னாயிக்கு ஒருக்கா வந்துச்சு. அதுக்கப்பறம் எத்தனை பேரைத் தொட்டுத் தூக்கிச்சு, வரலையே. ஒரு ஒடம்புக்கு ஒருக்காத்தான். நாலு நாளா இதைத்தான் நெனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். அப்ப இது ஆத்தா இல்லீங்களா?”

கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகாமலே நிஜத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். நான்தான் அவரை வழியில் ஏமாற்றித் திருப்பிவிட்டவன்.

“இல்லைங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய். நீங்க கேக்கணும்னு சொன்ன பொய்” என்றேன்.

ஒரு இலையைக் கிள்ளி, குண்டூசியால் ஒரு கொப்புளத்தைக் கீறி, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே மஞ்சளாக ஒரு புழு நெளிந்தது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இன்னொரு கொப்புளத்தைத் தானே கீறிப் பார்த்தார். அதிலும் இருந்தது.

“இத்தனூண்டு” என்றார்.

“பங்குனியில கிள்ளின இலையை எங்கே எரிச்சீங்க?” என்று கேட்டேன்.

கன்றின் அடியைக் காட்டினார். “எரிக்கலைங்க. ஆத்தா தொட்டதை எரிக்கறதில்லையே. மஞ்சத் துணியில சுத்தி, அதோட காலடியிலயே பொதைச்சேன்.”

எனக்கு முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. சொன்னதைச் செய்தால் என்ன! வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு, ஆத்தாவின் பொருக்கு என்று சொல்லிக் கொடுத்தவன் நானல்லவா என்று உறைத்தது. ஆத்தாவின் பொருக்குக்குச் செய்ய வேண்டிய மரியாதையை அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். மேலாகப் புதைத்த இலைக் கொப்புளங்களிலிருந்து ஈக்கள் வெளியே வந்து, நேர் மேலே இருந்த துளிரிலேயே முட்டை வைத்திருக்கின்றன. ஏதோ தோட்டத்தில் கிடந்த ஈயை நான் அவர் வீட்டு வாசலில் குடிவைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அவரிடம் இதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் எழுந்து போய் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

நாங்கள் வேலையை ஆரம்பித்தோம். அவர் மண்வெட்டியால் ஒரு முழ ஆழத்துக்கு அடிமண்ணைச் சுற்றி எடுத்தார். வேருக்குப் பக்கத்தில் வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினார். மஞ்சள் துணி மக்கிப்போய்த் துண்டு துண்டாக வந்தது. கொப்புளத் துளிரை நான் கிள்ளப் போனபோது, “நான் எடுக்கறேனுங்க” என்று தடுத்து, கிளையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாவற்றையும் வேலியோரம் கொண்டுபோய்க் காய்ந்த கம்பந்தட்டையின் மேல் குவித்தோம். நான் புகையிலையை ஊறவைத்துச் சோப்பைச் சீவிப் போட்டேன். அடுத்த துளிர் சுத்தமாக வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

தீப்பெட்டியை எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“சாமி, இனிமே பொய் சொல்ல மாட்டீங்கல்ல?”

“மாட்டேனுங்க.”

“அன்னைக்கு நான் ஓடாம அத்தாயி பக்கத்துல உக்காந்திருந்தா, பொழைச்சிருப்பாளா?”

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நாலு வருஷம் காத்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது. பிழைத்திருப்பார் என்று சொன்னால் கொலை. பிழைத்திருக்க மாட்டார் என்பது ஆறுதல், அதுதான் அநேகமாக நிஜமும். மனசார அதைச் சொன்னேன்: “அந்த அளவுக்குப் போட்டிருந்தா பொழைச்சிருக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்திருக்கறது அந்த நோய்க்கு மருந்து இல்லைங்க. நீங்க இருந்திருந்தாலும் போயிருப்பாங்க.”

தலையை ஆட்டினார். பாரம் இறங்கியிருக்கும் என்று நான் நினைத்தேன்.

“அது சரிங்க. போறப்ப ஒரு ஆளு இருந்திருக்கும். ஒரு வாய்த் தண்ணி ஊத்தியிருப்பேன்” என்றார்.

பிறகு தீக்குச்சியைக் கிழித்துக் குவியலில் வைத்தார். பச்சை இலை சட்டென்று பிடிக்கவில்லை, புகைதான் வந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பது மைல் போக வேண்டும். சைக்கிளை எடுத்து நிறுத்தி, வாரேனுங்க என்று சொன்னேன். அவர் புகையைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

“இது எரிஞ்சு முடியற மட்டும் கொஞ்சம் இருங்களேன் சாமி.”

சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.